ஃபார்-ஈச் சரியாகச் சுற்றுகிறது, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே மதிப்பு (எக்ஸ்எஸ்எல்டி, கோஹா)

பட்டியல்_பாண்டி:

வணக்கம். கல்லூரி நூலகத்தில் வேலை. நூலக மேலாண்மை மென்பொருளான கோஹாவில் தேடல் முடிவுப் பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஒரு எக்ஸ்எஸ்எல்டி கோப்புதான் (எக்ஸ்எம்எல் தரவை வேறு வடிவத்துக்கு மாற்றும் மொழி) தீர்மானிக்கிறது. அதில்தான் இப்போது கை வைத்திருக்கிறேன். பைத்தான் கொஞ்சம் தெரியும், எக்ஸ்எஸ்எல்டி புதிது.

தேவை சின்னதுதான். ஒரு நூலுக்குப் பல ஆசிரியர்கள் இருந்தால் எல்லாப் பெயரும் காற்புள்ளியிட்டு வரவேண்டும். மார்க் (நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் வைக்கும் நூலக வடிவம்) பதிவில் முதன்மை ஆசிரியர் 100-ஆம் புலத்தில், மற்றவர்கள் 700-இல் இருக்கிறார்கள். பெயர் இருப்பது 'ஏ' என்ற உட்புலத்தில். நான் எழுதியது (குழு விதிப்படி எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன்):

ஃபார்-ஈச் செலக்ட்="மார்க்:டேட்டாஃபீல்ட்[@டேக்='700']"
   வேல்யூ-ஆஃப் செலக்ட்="//மார்க்:சப்ஃபீல்ட்[@கோட்='ஏ']"

மூன்று 700 உள்ள பதிவில் மூன்று முறை சுற்றுகிறது, அதில் குறையில்லை. ஆனால் மூன்று முறையும் வருவது ஐஎஸ்பிஎன்! ஆசிரியர் பெயரைக் கேட்டால் ஐஎஸ்பிஎன் எங்கிருந்து வருகிறது?

இன்னொன்று. 1, 2, 3 என்று வரிசை எண் போட ஒரு வேரியபிள் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று கூட்டப் பார்த்தேன். எண் நகரவே மாட்டேன் என்கிறது.

முன்னால் 'மார்க்:' என்ற ஒட்டு இல்லாமல் எழுதியபோது ஒரு வரிகூட வரவில்லை. பழைய கோப்பைப் பார்த்து ஒட்டைச் சேர்த்தேன், வந்துவிட்டது. ஏன் என்று தெரியாது.

நெல்லை_நிரலர்:

பாண்டி, ஐஎஸ்பிஎன் எங்கிருந்து வருகிறது என்றால், அந்த இரட்டைச் சாய்கோட்டிலிருந்து.

எக்ஸ்பாத்தில் (செலக்டுக்குள் எழுதும், எக்ஸ்எம்எல்லில் இடத்தைச் சுட்டும் மொழி) '//' என்று தொடங்கினால் ஆவணத்தின் உச்சியிலிருந்து தேடு என்று பொருள். நீங்கள் எந்த 700-க்குள் இருக்கிறீர்கள் என்பதை அது பார்க்கவே பார்க்காது. ஊரில் எந்தத் தெருவில் நின்று "கலெக்டர் ஆபீஸ் எது" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "அடுத்த வீடு எது" என்று கேட்டால்தான் நிற்கிற இடத்தைப் பொறுத்துப் பதில் மாறும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகைக் கேள்வி.

உச்சியிலிருந்து தேடினால் பதிவில் உள்ள எல்லா 'ஏ' உட்புலமும் கிடைக்கும். வேல்யூ-ஆஃப், 1.0 பதிப்பில், கிடைத்ததில் ஆவண வரிசைப்படி முதலாவதை மட்டும் எடுத்து அச்சிடும். மார்க் பதிவில் 020 முன்னால் வருகிறது, ஐஎஸ்பிஎன் அதன் 'ஏ'-வில்தான் இருக்கிறது. சுற்றுக்கு ஒரு தடவை அதே பதில்.

மாற்ற வேண்டியது இவ்வளவுதான்:

   வேல்யூ-ஆஃப் செலக்ட்="மார்க்:சப்ஃபீல்ட்[@கோட்='ஏ']"

முன்னால் எந்தச் சாய்கோடும் கூடாது. ஃபார்-ஈச் உள்ளே போனதும் அந்தச் சுற்றுக்குரிய 700 நோடுதான் (எக்ஸ்எம்எல் மரத்தின் ஒரு கணு) நீங்கள் நிற்கும் இடம். அதன் நேர்ப்பிள்ளையை மட்டும் கேளுங்கள். பேரப்பிள்ளைகள் வரை இறங்க வேண்டுமென்றால் ஒரு புள்ளி வைத்து './/' என்று தொடங்குங்கள். அந்தப் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதில் பல பேருடைய சாயங்காலங்கள் போயிருக்கின்றன.

மல்லிகா_மார்க்அப்:

நிரலர் சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இது 1.0 என்பதால்தான் ஒரே மதிப்பு வந்தது. 2.0-இல் அதே வரி எல்லா 'ஏ' உட்புலங்களையும் இடைவெளி விட்டு ஒன்றாகக் கொட்டியிருக்கும், தவறு உடனே கண்ணில் பட்டிருக்கும். கோஹா பயன்படுத்துவது லிப்எக்ஸ்எஸ்எல்டி நூலகத்தை, அதற்கு 1.0 மட்டும்தான் தெரியும். அதனால் 2.0-க்கு எழுதிய விடைகளை இணையத்தில் பார்த்து ஒட்டினால் பாதி வேலை செய்யாது. 1.0 பரிந்துரையானது 1999 நவம்பரில், 2.0 வந்தது 2007-இல், 3.0 வந்தது 2017-இல். விடையைப் படிக்கும் முன் அது எந்தப் பதிப்புக்கு என்று பாருங்கள்.

ஒட்டு இல்லாமல் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். மார்க்எக்ஸ்எம்எல் (மார்க் பதிவின் எக்ஸ்எம்எல் வடிவம்) கோப்பின் மேலே ஒரு நேம்ஸ்பேஸ் அறிவிப்பு இருக்கும், பெயர்கள் எந்தத் தொகுதியைச் சேர்ந்தவை என்று சொல்லும் முகவரி அது. அதில் உள்ள எல்லாப் பெயரும் அந்த நேம்ஸ்பேஸுக்குச் சொந்தம், கண்ணுக்கு ஒட்டு தெரியாவிட்டாலும். ஆனால் எக்ஸ்பாத் 1.0-இல் ஒட்டு இல்லாத பெயர் எழுதினால் "எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத உறுப்பு" என்றே எடுத்துக்கொள்ளும். அப்படி ஒன்று பதிவில் இல்லை. பிழைச் செய்தியும் வராது, பக்கம் வெறுமையாக இருக்கும். ஒட்டின் பெயர் 'மார்க்' என்றுதான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கோப்பில் எந்த ஒட்டை வைத்தாலும் அதே முகவரியோடு இணைத்தால் போதும்.

கோணல்_அடைப்புக்குறி:

வேரியபிள் பற்றி யாரும் சொல்லவில்லையே.

பாண்டி, பைத்தானை மனதில் வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம். இதில் வேரியபிளுக்கு ஒரு தடவை மதிப்பு வைத்தால் வைத்ததுதான், மாற்ற முடியாது. ஒரே டெம்ப்ளேட்டுக்குள் அதே பெயரில் இன்னொன்று அறிவிப்பது 1.0-இல் பிழை. வேறு பெயரில் சுற்றுக்குள்ளே அறிவித்தாலும் அது அந்தச் சுற்றோடு செத்துப்போகும். அடுத்த சுற்றுக்கு எதையும் கொண்டுபோகாது.

இது குறையல்ல, வேண்டுமென்றே செய்தது. ஃபார்-ஈச் முதலில் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறது, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கையாள்கிறது. ஒரு சுற்றுக்கும் இன்னொன்றுக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. ஆகவே எந்த வரிசையிலும் கணக்கிடலாம், ஒரே நேரத்திலும் கணக்கிடலாம். விடைகளை வரிசையாக அடுக்கினால் போதும். சாக்ஸன் என்ற இன்னொரு எக்ஸ்எஸ்எல்டி செயலியின் கட்டணப் பதிப்பில் ஃபார்-ஈச்சைப் பல திரெட்களில் ஓடவிடும் வசதியே இருக்கிறது. பெயர்தான் ஃபார், சுபாவம் வேறு.

வரிசை எண்ணுக்கு பொசிஷன்() போதும். மொத்தத்துக்கு கவுன்ட்(), கூட்டுத்தொகைக்கு சம்(). காற்புள்ளிக்கு:

இஃப் டெஸ்ட்="பொசிஷன்() != லாஸ்ட்()"

உள்ளே காற்புள்ளியும் இடைவெளியும். கடைசிப் பெயருக்குப் பின் வராது.

மல்லிகா_மார்க்அப்:

காற்புள்ளிக்கு ஒரு எச்சரிக்கை. 100-க்கு ஒரு ஃபார்-ஈச், 700-க்கு ஒரு ஃபார்-ஈச் என்று பிரித்து எழுதினால் லாஸ்ட்() கணக்கு இரண்டு பட்டியலுக்கும் தனித்தனி. இரண்டுக்கும் நடுவில் காற்புள்ளி விடுபடும். ஒரே தேர்வில் எடுங்கள்:

மார்க்:டேட்டாஃபீல்ட்[@டேக்='100' or @டேக்='700'] என்று எழுதலாம். அந்த நடுச்சொல்லை மட்டும் தமிழில் எழுதினால் படிக்க முடியாது போலிருக்கிறது, சரி, குழாய்க்குறி போட்டு:

மார்க்:டேட்டாஃபீல்ட்[@டேக்='100'] | மார்க்:டேட்டாஃபீல்ட்[@டேக்='700']

குழாய்க்கு எந்தப் பக்கம் எதை எழுதினாலும் பரவாயில்லை. கிடைப்பது ஆவண வரிசையில்தான் சுற்றும்.

மார்க் பதிவுகளில் பெயருக்குப் பின்னாலேயே காற்புள்ளியோ புள்ளியோ ஒட்டியிருக்கும், பட்டியலாக்க விதி அப்படி. அதன் மேல் நீங்களும் ஒன்று போட்டால் இரட்டைக் காற்புள்ளி. கோஹாவோடு வரும் துணைக் கோப்பில் சாப்-பங்க்சுவேஷன் என்று ஒரு டெம்ப்ளேட் இருக்கிறது, கடைசி நிறுத்தக்குறியை வெட்டிவிடும். அதையே அழையுங்கள், புதிதாக எழுதவேண்டாம்.

அரைவேக்காடு:

எனக்கு ஒரு பெரியவர் "ஃபார்-ஈச் எழுதுகிறவன் எக்ஸ்எஸ்எல்டி கற்காதவன், அப்ளை-டெம்ப்ளேட்ஸ் மட்டும்தான் முறை" என்று சொல்லிக்கொடுத்தார். அப்படியானால் பாண்டியின் அணுகுமுறையே தப்பா?

கோணல்_அடைப்புக்குறி:

பெரியவர் சொன்னதில் பாதி உண்மை. ஒரு பத்தி இருக்கிறது, அதற்குள் சாய்ந்த எழுத்து, இணைப்பு, அடிக்குறிப்பு எல்லாம் கலந்து, எது எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அங்கே ஃபார்-ஈச் போட்டு, உள்ளே சூஸ் (நிபந்தனைப்படி பிரிக்கும் கட்டளை) போட்டு, அதற்குள் இன்னொரு ஃபார்-ஈச் போட்டால் நான்கு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. டெம்ப்ளேட்டை உறுப்புக்கு ஒன்றாக எழுதிவிட்டு அப்ளை-டெம்ப்ளேட்ஸ் என்று விட்டுவிடுவதுதான் அழகு.

பாண்டியிடம் இருப்பது ஒரே வடிவமுள்ள புலங்களின் பட்டியல். எடு, அச்சிடு, காற்புள்ளி வை. இதற்கு ஃபார்-ஈச் தான் படிக்க எளிது. கோஹாவின் கோப்புகளே ஃபார்-ஈச்சால் நிரம்பி வழிகின்றன. உட்புலங்களைப் பொறுக்கும் துணை டெம்ப்ளேட் ஒன்று அதில் இருக்கிறது, பாருங்கள், எல்லா சப்ஃபீல்டுகளையும் ஃபார்-ஈச்சில் சுற்றி, கேட்ட எழுத்துகளில் இதன் எழுத்து இருக்கிறதா என்று கன்டெய்ன்ஸ்() வைத்துச் சோதிக்கிறது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

நெல்லை_நிரலர்:

நான் இதில் கோணலோடு ஒத்துப்போக மாட்டேன், முழுதாக இல்லை. பட்டியல் இன்றைக்கு ஒரே வடிவம். நாளைக்கு 710-இல் நிறுவனப் பெயரும் வேண்டும், அது வேறு மாதிரி காட்டப்பட வேண்டும் என்பார்கள். அப்போது ஃபார்-ஈச்சுக்குள் சூஸ் முளைக்கும். டெம்ப்ளேட்டாக இருந்தால் 710-க்கு ஒன்று சேர்த்துவிட்டுப் போகலாம்.

ஆனால் அப்ளை-டெம்ப்ளேட்ஸ்க்கும் ஒரு கண்ணி உண்டு. செலக்ட் இல்லாமல் எழுதினால் உறுப்புகளுக்கு இடையில் உள்ள வரிமாற்றமும் இடைவெளியும்கூட உரை நோடுகளாகச் சேர்ந்துவிடும். பொசிஷன்() 2, 4, 6 என்று குதிக்கும். ஸ்ட்ரிப்-ஸ்பேஸ் போடுங்கள், அல்லது செலக்டில் உறுப்பின் பெயரைச் சொல்லுங்கள்.

கோணல்_அடைப்புக்குறி:

நாளைக்கு வரும் 710-க்கு இன்றைக்கே ஏன் எழுத வேண்டும்? வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல்_பாண்டி:

நன்றி அண்ணே, நன்றி அக்கா. பெயர்கள் இப்போது சரியாக வருகின்றன.

அடுத்த சிக்கல். வெளிநாட்டு நூலகங்களிலிருந்து இறக்கிய சில தமிழ் நூல் பதிவுகளில் 245 (தலைப்பு), 700 எல்லாம் ரோமன் எழுத்தில் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் உள்ள வடிவம் 880 என்ற புலத்தில் கிடக்கிறது. எங்கள் மாணவர்களுக்குத் தமிழ்தான் தெரிய வேண்டும். ஒவ்வொரு 700-க்கும் அதற்குரிய 880 எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றாவது 700-க்கு மூன்றாவது 880 என்று எடுத்தால் தலைப்பின் 880-உம் நடுவில் வந்து கெடுக்கிறது.

மல்லிகா_மார்க்அப்:

வரிசையை நம்பாதீர்கள். இணைப்பு '6' என்ற உட்புலத்தில் இருக்கிறது. 700-இன் '6'-இல் 880-03 என்று இருந்தால், அதன் ஜோடியான 880-இன் '6' 700-03 என்று தொடங்கும். பின்னால் சாய்கோடிட்டு எழுத்துமுறைக் குறியும் வரலாம், அதனால் முழுதாக ஒப்பிடாமல் தொடக்கத்தை மட்டும் பாருங்கள்.

ஃபார்-ஈச் 700-இல் நிற்கும்போது:

../மார்க்:டேட்டாஃபீல்ட்[@டேக்='880'][ஸ்டார்ட்ஸ்-வித்(மார்க்:சப்ஃபீல்ட்[@கோட்='6'], கான்கேட்('700-', சப்ஸ்ட்ரிங்(கரன்ட்()/மார்க்:சப்ஃபீல்ட்[@கோட்='6'], 5, 2)))]

இதில் உயிர்நாடி கரன்ட்(). சதுர அடைப்புக்குறிக்குள் போனதும் நிற்கும் இடம் மாறிவிடுகிறது. அங்கே புள்ளி என்றால் சோதிக்கப்படும் 880, உங்கள் 700 அல்ல. ஃபார்-ஈச் எந்த நோடில் நிற்கிறதோ அதைத் திரும்பக் கேட்க கரன்ட்() வேண்டும். இதற்குப் பதில் 700-இன் எண்ணை முதலில் ஒரு வேரியபிளில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், படிக்க இன்னும் தெளிவாக இருக்கும். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

முன்னால் '..' போட்டிருப்பதும் காரணத்தோடுதான். பெற்றோருக்கு ஏறி, அதே பதிவின் 880-களை மட்டும் பார்க்கிறது. அங்கே '//' போட்டால், பல பதிவுகள் சேர்ந்த ஏற்றுமதிக் கோப்பில் ஓட்டும்போது பக்கத்து நூலின் ஆசிரியர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

நெல்லை_நிரலர்:

மல்லிகா, அந்த வரியில் ஒரு ஓட்டை இருக்கிறது. 700-இல் '6' உட்புலமே இல்லாவிட்டால் சப்ஸ்ட்ரிங் வெற்றுச்சரம் தரும். கான்கேட் வெறும் '700-' ஆகிவிடும். அப்போது 700-க்குரிய எந்த 880 ஆனாலும் பொருந்தும், முதலாவது அச்சாகும். பதிவில் ஒரு ஆசிரியருக்கு மட்டும் தமிழ் வடிவம் இருந்தால் எல்லா ஆசிரியரும் அவராகவே மாறிவிடுவார்கள்.

வெளியே ஒரு சூஸ் வேண்டும். '6' இருந்தால் 880-ஐத் தேடு, இல்லையென்றால் 700-இன் 'ஏ'-வையே காட்டு. '6' இருந்தும் ஜோடி 880 இல்லாத பதிவுகளும் உண்டு, கிடைத்ததா என்று பார்த்துவிட்டு அச்சிடுவது நல்லது.

மல்லிகா_மார்க்அப்:

சரியாகப் பிடித்தீர்கள். மறுபக்கமும் ஒன்று: ஜோடியே இல்லாத 880-க்கு எண் 00 என்று இருக்கும், அது இந்தத் தேடலில் சிக்காது, அதனால் தொல்லையில்லை.

அரைவேக்காடு:

குறுக்கே வருகிறேன். கோஹாவில் அதிகார எண் (பெயரின் நிலையான பதிவோடு இணைக்கும் எண்) ஏறாத, அதாவது '9' உட்புலம் இல்லாத 700-களை மட்டும் எடுக்க இப்படி எழுதினேன்:

மார்க்:டேட்டாஃபீல்ட்[@டேக்='700'][மார்க்:சப்ஃபீல்ட்/@கோட் != '9']

எல்லா 700-உம் வருகிறதே?

கோணல்_அடைப்புக்குறி:

வரத்தான் செய்யும். நோடுகளின் கூட்டத்தோடு ஒப்பிடும்போது "ஏதாவது ஒன்றாவது அப்படி இருக்கிறதா" என்றுதான் கேட்கிறது. 'ஏ' உட்புலம் 9 அல்ல, ஆகவே உண்மை. நீங்கள் கேட்க நினைத்தது "ஒன்றுகூட 9 இல்லை" என்பது. அதற்கு வெளியே நாட்() போட வேண்டும்:

[நாட்(மார்க்:சப்ஃபீல்ட்/@கோட் = '9')]

இதே ரகத்தில் இன்னொன்று. '//மார்க்:டேட்டாஃபீல்ட்[1]' என்பது ஆவணத்தின் முதல் புலம் அல்ல, ஒவ்வொரு பதிவின் முதல் புலமும். ஆவணத்தில் ஒன்றே ஒன்று வேண்டுமென்றால் '(//மார்க்:டேட்டாஃபீல்ட்)[1]' என்று வளைவு அடைப்புக்குறிக்குள் அடைத்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

பட்டியல்_பாண்டி:

880 வேலை செய்கிறது. '6' இல்லாத பதிவிலும் பார்த்துவிட்டேன்.

இப்போது 650 பொருள் தலைப்புகள். அகரவரிசையில் வேண்டும். ஃபார்-ஈச்சுக்குள் முதல் வரியாக சார்ட் போட்டேன். ஆங்கிலத் தலைப்புகள் சரியாக அடுக்குகின்றன, தமிழில் மட்டும் கனவு, கற்பு, கலை, களவு, கழகம், கவிதை என்று வருகிறது. அகராதியில் கலைதானே முதலில்?

மல்லிகா_மார்க்அப்:

யூனிகோடு எண் வரிசை அப்படி. அதில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ற என்பது ர-வுக்கு அடுத்து வருகிறது, கடைசியில் ல ள ழ வ. நம் வரிசை ல வ ழ ள ற ன. புள்ளியும் அங்கே உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருக்கிறது, அதனால் 'பகல்' முன்னும் 'பக்கம்' பின்னும் போகும். 3.0-இல் தமிழ் ஒழுங்கைக் கேட்டு வாங்க ஒரு முறை இருக்கிறது, அங்கேயும் செயலி அதை ஆதரிக்க வேண்டும். உங்களிடம் 1.0 தான்.

ஆனால் 1.0-இல் டிரான்ஸ்லேட்() இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து மாற்றும். சார்ட் செய்யும் திறவுகோலை மட்டும் மாற்றிக் கொடுங்கள், அச்சாகும் பெயர் அப்படியே இருக்கும்:

சார்ட் செலக்ட்="டிரான்ஸ்லேட்(மார்க்:சப்ஃபீல்ட்[@கோட்='ஏ'], 'ஞடணதநபமயரலவழளறனஜ்', 'ஜஞடணதநனபமயரறலளழவ0')"

முதல் சரம் நம் வரிசை, இரண்டாவது யூனிகோடு வரிசை. க ங ச மூன்றும் இரண்டிலும் ஒரே இடம் என்பதால் விட்டுவிட்டேன், கடைசியில் வரும் ஷ ஸ ஹ போன்றவையும் அப்படியே. முதல் சரத்தின் முடிவில் ஜ-வின் தலையில் இருக்கும் புள்ளி தனிக் குறியாகத்தான் எண்ணப்படும், அதற்கு எதிரே இருப்பது சுழியம். சுழியம் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் முன்னால் வருவதால் மெய் முதலில் வந்துவிடும். இரண்டு சரத்திலும் 17 குறிகள், ஒன்று குறைந்தாலும் எல்லாம் நகர்ந்துவிடும், எண்ணிப் பாருங்கள். சார்டில் மொழிப் பண்பு எதுவும் கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால் லிப்எக்ஸ்எஸ்எல்டி எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும், இந்தத் தந்திரத்துக்கு அதுதான் தேவை.

கோணல்_அடைப்புக்குறி:

பிரமாதம். சார்ட் போட்ட பிறகு பொசிஷன்() அடுக்கிய வரிசையைச் சொல்லும், ஆனால் பிரிசீடிங்-சிப்ளிங் பழைய ஆவண வரிசையைத்தான் பார்க்கும். "முந்தைய தலைப்பும் இதுவும் ஒன்றா" என்று பார்த்து இரட்டிப்பை நீக்க முயன்றால் அங்கே அடி விழும். அதற்கு கீ-யும் ஜெனரேட்-ஐடியும் வைத்துச் செய்யும் முறை ஒன்று இருக்கிறது, ஆரக்கிளில் இருந்த ஸ்டீவ் மியூன்ச் பெயரால் மியூன்சியன் முறை என்பார்கள். 2.0-இல் ஃபார்-ஈச்-குரூப் வந்து அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டது. உங்களுக்குத் தேவைப்பட்டால் தனி இழை தொடங்குங்கள்.

அரைவேக்காடு:

2025-இல் குரோம் குழு பிரவுசரிலிருந்து எக்ஸ்எஸ்எல்டியை நீக்கப் போவதாக அறிவித்ததே. இதையெல்லாம் இப்போது படிப்பது வீண்தானே?

நெல்லை_நிரலர்:

கோஹாவில் இந்த மாற்றம் சர்வரில் நடக்கிறது. பிரவுசருக்குப் போவது வெறும் எச்டிஎம்எல். பாண்டிக்கு ஒரு பாதிப்பும் இல்லை. எக்ஸ்எம்எல் கோப்பை நேரடியாக பிரவுசரில் திறந்து ஸ்டைல்ஷீட்டை நம்பியிருப்பவர்கள்தான் மாற வேண்டும்.

பட்டியல்_பாண்டி:

அக்கா, வரிசை சரியாகிவிட்டது, ஒரு தொகுப்பைத் தவிர. ஒரு விற்பனையாளர் கொடுத்த பதிவுகளில் 'கொடை', 'தொல்லியல்' மாதிரி ஒ-கரம் வரும் சொற்கள் மட்டும் இடம் மாறி நிற்கின்றன. திரையில் பார்த்தால் எழுத்து ஒன்றுபோலவே தெரிகிறது.

மல்லிகா_மார்க்அப்:

அதில் கொ என்பதை ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக உள்ளிட்டிருப்பார்கள். மற்ற பதிவுகளில் ஒகரக் குறி ஒரே குறியாக இருக்கும். டிரான்ஸ்லேட் ஒன்றுக்கு ஒன்றுதான் மாற்றும், இரண்டை ஒன்றாக்காது. யூனிகோடு வடிவத்தைச் சீராக்கும் ஃபங்ஷன் 2.0-இல்தான் வந்தது. ஸ்டைல்ஷீட்டில் மல்லுக்கட்டாமல், அந்தத் தொகுப்பை ஏற்றுமதி செய்து ஐசியு என்ற யூனிகோடு நூலகத்தோடு வரும் யூகான்வ் கருவியில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த) வடிவத்துக்கு மாற்றி மறுபடி ஏற்றிவிடுங்கள். தேடலிலும் அந்த நூல்கள் இதே காரணத்தால் சிக்காமல் இருக்க வாய்ப்புண்டு, ஏற்றிய பிறகு இன்டெக்ஸை மறுபடி கட்டுங்கள்.